ரசீது எங்கே, அக்கா?

மளிகைக் கடையில் கால் கிலோ துவரம் பருப்பு வாங்கினாலும் சீட்டு எழுதி வாங்கிக் கொண்டு வருகிறவள் நான். பால்காரர் வராத நாளைக் காலண்டரில் சுழித்து வைப்பேன். கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினோம் என்பது சமையலறைக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதியிருக்கும். "இவளிடம் ஒரு ரூபாய் ஏமாற்ற முடியாது" என்று என் கணவர் நாலு பேர் எதிரில் பெருமையாகச் சொல்வார்.

அப்படிப்பட்ட நான், என் பெண்ணின் பல்லுக்கு க்ளிப் போட ரூ.35,000 பேசிவிட்டு, அதற்கு அத்தாட்சியாக என்ன வாங்கி வைத்துக் கொண்டேன் தெரியுமா? ஒரு விசிட்டிங் கார்டு! அதன் பின்பக்கத்தில் பேனாவால் 'மொத்தம் 35,000' என்று ஒரே ஒரு வரி. அந்தக் கார்டை நகைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வேறு வைத்தேன்.

அந்த ஒரு வரியால் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால், இதைப் படிக்கும் தாய்மார்களில் நாலு பேராவது உஷாராக இருப்பார்களே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மூத்த பெண்ணுக்கு மேல் வரிசை முன்பல் கொஞ்சம் எடுப்பு. ஆறு வயது வரைக்கும் விரல் சூப்பினாள். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம், துணி சுற்றிப் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. தூங்கியதும் விரல் தானாக வாய்க்குப் போய்விடும். பால் பல் விழுந்து முளைத்தது எத்துப்பல்லாகவே முளைத்தது. "நம்ம வீட்டு வாகும்மா. உங்க மாமனாருக்கும் இப்படித்தான். அவருக்குக் கல்யாணம் ஆகாமலா போச்சு?" என்று என் மாமியார் சிரிப்பார். நானும் சிரித்து விட்டுவிட்டேன்.

அவள் ஏழாம் வகுப்பு வந்தபோது என் தங்கை பெண்ணின் கல்யாண ஆல்பம் வந்தது. புரட்டிக் கொண்டே வந்தேன். எந்தப் போட்டோவில் பார்த்தாலும் என் பெண் வாயைக் கையால் மூடிக் கொண்டிருக்கிறாள். ஒன்றில் துப்பட்டா, இன்னொன்றில் ரோஜாப்பூ. எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி அவளே என் பக்கத்தில் வந்து படுத்து, "அம்மா, க்ளிப் போட எவ்ளோ ஆகும்? என் உண்டியல்ல 640 ரூபாய் இருக்கும்மா" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன பட்டப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் பம்மலுக்கு வைத்திய வசதியில் குறையில்லை. சங்கரா கண் ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். பல்லுக்கும் தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுக்கு 2022 ஜூன் மாதம் பெண்ணை அழைத்துப் போனேன். சொத்தைப் பல் அடைப்பது, பிடுங்குவதெல்லாம் அங்கே இருந்த டாக்டரே செய்வார். க்ளிப் போடுவதற்கென்று தனியாக மூன்று வருஷம் மேல்படிப்புப் படித்த டாக்டர் ஒருவர் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வந்து போவார். புறநகரில் இது வழக்கம்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை.

வந்த டாக்டர் நல்ல மாதிரி. "இது அழகுக்கு மட்டும் இல்லைம்மா. இப்படி எடுப்பா இருக்கிற பல்லுதான் விழுந்தா முதல்ல உடையும்" என்று விளக்கினார். மொத்தம் 35,000, முதலில் 10,000, பிறகு மாதம் 2,000 என்று பேச்சு. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பத்தாயிரத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று கூடச் சொல்ல முடியாது... தோன்றியது, கூச்சமாக இருந்தது. டாக்டரிடம் போய்க் கணக்குக் கேட்பதா? நம்மை என்ன நினைப்பார்?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தாடை முழுக்க ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே, பக்கவாட்டில் முகத்தை எடுக்கும் எக்ஸ்ரே, இரண்டும் சேர்த்து 1,200. "அது இதுல சேராதும்மா." இடம் உண்டாக்க மேலே இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும், 1,600. "அது இதுல சேராதும்மா." தீபாவளிக்கு என் மாமியார் சுட்ட தட்டையைக் கடித்துப் பல்லில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. திரும்ப ஒட்ட 300. அப்படி மூன்று முறை. "அதுவும் இதுல சேராதும்மா." அப்படியானால் அந்த 35,000-இல் எதுதான் சேரும் என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

2023 ஜனவரிக்குப் பிறகு அந்த டாக்டர் வருவது நின்றுபோனது. வேலை மாறிப் போய்விட்டாராம். "வேற டாக்டர் வருவாங்க, போன் பண்றோம்" என்றார்கள். பிப்ரவரி போனது. மார்ச் பாதி போனது. போன் வரவில்லை. கடைசிப் பல்லில் கம்பி முனை நீட்டிக் கொண்டு கன்னத்தின் உட்புறம் குத்திப் புண்ணாகிவிட்டது. மெழுகை உருட்டி வைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. குழந்தை தயிர்சாதத்தைக் கூட ஒரு பக்கமாகவே மென்றாள். ஒரு நாள் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லும்மா. எனக்கு அழகு வேண்டாம்" என்று அழுதாள். பல்லைப் பிடுங்கிய இடம் இரண்டும் இன்னும் ஓட்டையாகவே இருந்தன. பல்லும் போய், பணமும் போய், பாதியில் நிற்கிறோமே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். அமெரிக்காவில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பில் போட்டு, அங்கே இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து பணம் வசூலித்துக் கொடுக்கும் வேலையைச் சென்னையில் எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. அதில் ஒன்றில் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் சாயங்காலம் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். 2020-இல் கொரோனா வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரையோ ஏழரையோ ஆகும். அதனால் நாங்கள் படுக்கப் போகும் நேரத்துக்கு அவளுடைய குரல் மேலே இருந்து இங்கிலீஷில் கேட்டுக் கொண்டே இருக்கும். யாரிடமோ பேர், பிறந்த தேதி, நம்பர் எல்லாம் நிதானமாக ஒப்பிப்பாள். மூன்று வருஷமாகக் கேட்டும், என்ன பேசுகிறாய் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

நான் கண்ணைத் துடைத்துக் கொள்வதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"ரசீது எங்கே, அக்கா?"

"அதான் இது."

"இது ரசீது இல்லக்கா. எஸ்டிமேட் எங்கே? கேஸ் ஷீட் காப்பி எங்கே? எக்ஸ்ரே யார்கிட்ட இருக்கு?"

நான் முழித்தேன். அவள் தலையில் கை வைத்துக் கொண்டு, "அக்கா, நான் ராத்திரி பூரா பாக்கிற வேலையே இதுதான். அமெரிக்காவுல சின்னப் பசங்களுக்குக் க்ளிப் போடற டாக்டருங்களோட பில்லு!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ இருக்கிற பிள்ளைகளின் பல்லுக்கு என் தலைக்கு மேலே ஒருத்தி விடிய விடியக் கணக்குப் பார்க்கிறாள். கீழ் வீட்டில் என் பெண்ணின் பல்லுக்குக் கணக்கே இல்லை!

நேற்றுக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். அங்கே பல் வைத்தியத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு எண் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இந்தப் பட்டியலை முதலில் 1969-இல் வெளியிட்டது. இன்று வரை திருத்தி வெளியிட்டு வருகிறது. 'டி' என்ற எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்தது ஒரு கோடு. பல் சீரமைப்பு எல்லாம் எட்டாயிரத்தில் ஆரம்பிக்கும். பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் வயதில் முழுச் சிகிச்சை என்றால் டி 8070. பால் பல் எல்லாம் விழுந்த வளர் பருவத்துப் பிள்ளைக்கு டி 8080. பெரியவர்களுக்கு டி 8090. இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், வளர வளரப் பார்ப்போம் என்று பரிசோதித்து அனுப்பினால் அதற்கு டி 8660. மாதா மாதம் கம்பி முடுக்கப் போனால் டி 8670. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, பல் திரும்ப ஓடாமல் இருக்க ரிடெய்னர் கொடுப்பது டி 8680. ரிடெய்னர் தொலைந்து போனால் புதிதாகச் செய்ய மேல் தாடைக்கு ஒரு எண், கீழ்த் தாடைக்கு வேறு எண்!

"இத்தனை எண் எதுக்குடி?" என்றேன்.

"காசுக்குத்தாங்க்கா. ஆனா காசுக்குன்னு எழுதறதுலயே வைத்தியமும் பதிவாயிடுது பாருங்க. என்னைக்குக் க்ளிப் ஒட்டினாங்க, எத்தனை மாசம் ஆகும், இதுவரைக்கும் எத்தனை விசிட், இன்னும் எவ்ளோ பாக்கி... எல்லாம் பேப்பர்ல இருக்கும். இன்சூரன்ஸ்காரங்க மொத்தப் பணத்தையும் ஒரேயடியா தர மாட்டாங்க. க்ளிப் ஒட்டினதும் ஒரு பங்கு, மிச்சம் சிகிச்சை நடக்க நடக்க. ஒரு பிள்ளைக்கு ஆயுசுக்கும் இவ்ளோதான்னு உச்சவரம்பு வேற வச்சிருப்பாங்க. பாதியில குடும்பம் ஊர் மாறினா, பழைய டாக்டருக்கு எத்தனை மாசம், புது டாக்டருக்கு எத்தனை மாசம்னு பிரிச்சுக் கணக்குப் போடணும். உங்களுக்கு வந்திருக்கே, இதே கேஸை நான் வாரத்துக்கு நாலு பார்க்கறேன்!"

அங்கேயும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு 'மெடிக்கெய்ட்' என்று அரசாங்கத் திட்டம் இருக்கிறது. 21 வயது வரை, வைத்திய ரீதியில் அவசியம் என்று காட்டினால்தான் க்ளிப்புக்குப் பணம் வரும். அந்த 'அவசியம்' என்ற வார்த்தைக்கும் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பல் வரிசையை அளந்து மதிப்பெண் போட்டு, 26 வந்தால்தான் சம்மதிப்பார்கள். மேல் பல் 9 மில்லிமீட்டருக்கு மேல் எடுப்பாக இருந்தால் மதிப்பெண்ணே பார்க்காமல் ஏற்றுக் கொள்வார்கள். இங்கிலாந்தில் ஐந்து படி வைத்திருக்கிறார்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை நான்காவது, ஐந்தாவது படியில் இருந்தால் அரசாங்கச் செலவு. அங்கே 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலே நான்காவது படி.

"உங்க பொண்ணுக்கு எத்தனை மில்லிமீட்டர்க்கா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் பிறந்தபோது எடை என்ன, முதல் அடி எடுத்து வைத்தது எந்தத் தேதி, எல்லாம் நினைவில் இருக்கிறது. எட்டு மாதமாகப் பணம் கட்டுகிற பல் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

"சண்டை போடாதீங்க. பணத்தைத் திருப்பிக் கேக்கறதுக்கு முன்னால பேப்பரைக் கேளுங்க" என்பதுதான் அவள் சொன்ன யோசனை. எக்ஸ்ரே, ஆரம்பத்தில் எடுத்த போட்டோ, பல் அச்சு, எந்தத் தேதியில் என்ன செய்தார்கள், எவ்வளவு பணம் வாங்கினார்கள். இதையெல்லாம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேட்கச் சொன்னாள். மூன்று முறை நடந்தேன். பல் அச்சு கிடைக்கவே இல்லை. எக்ஸ்ரே கிடைத்தது. பண விஷயத்தில்தான் இடித்தது. மாதா மாதம் போனில் அனுப்பிய 14,000 தேதியோடு பாங்குக் கணக்கில் இருந்தது. முதலில் ரொக்கமாகக் கொடுத்த பத்தாயிரம் அவர்கள் நோட்டில் எட்டாயிரமாக இருந்தது! கொடுத்தது நான்தான். எண்ணியதும் நான்தான். ஆனால் அத்தாட்சி? 'வரவு 22,000' என்றே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ரூபாயை என் கூச்சத்துக்கு அபராதம் என்று நினைத்துக் கொண்டேன்.

அந்தக் கடிதத்தில் நாலே வரிதான். ஆரம்பத்தில் மேல் பல் எடுப்பு 8 மில்லிமீட்டர். ஒட்டியிருக்கும் பொட்டு இன்ன வகை, இன்ன அளவு. 14, 24 பிடுங்கப்பட்டன. வரவு இவ்வளவு. மாடிக்கு எடுத்துப் போனேன். படித்தவள் பதறிவிட்டாள்.

"ஐயோ அக்கா! 14-ஆ? அது கடைவாய்ப் பல்லாச்சே! 24 கீழ் முன்பல்லு! அதையா புடுங்கினாங்க?"

என் வயிற்றைக் கலக்கிவிட்டது. பெண்ணைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தோம். கடைவாய்ப் பல் இருந்தது. கீழ் முன்பல்லும் இருந்தது. பிறகுதான் அவளுக்கே பொறி தட்டியது. அமெரிக்காவில் மேல் வலது கோடியிலிருந்து ஆரம்பித்து 1 முதல் 32 வரை வரிசையாகப் பல்லை எண்ணுகிறார்கள். நம் டாக்டர்கள் வாயை நாலு பாகமாகப் பிரித்து, முதல் இலக்கம் எந்தப் பாகம், இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று எழுதுகிறார்கள். ஆக, நம் ஊர் 14 என்பது மேல் வலப்பக்கம் நாலாவது பல். அவர்கள் கணக்கில் அதற்கு 5 என்று பெயர். பிடுங்க வேண்டியதைத்தான் பிடுங்கியிருந்தார்கள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். என் பெண் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. காகிதத்தில் எழுதிய இரண்டு இலக்கம், படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, வாயைத் திறக்காமலே வாய்க்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறது. ரசீதும் கேஸ் ஷீட்டும் டாக்டரோடு சண்டை போடுவதற்கான ஆயுதம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த டாக்டருக்கு வழி காட்டும் வரைபடம் அதுதான்!

அந்த நாலு வரிக் கடிதத்தையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக் கொண்டு ஏப்ரல் மாதம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. பம்மலிலிருந்து போவது சுலபம். பல்லாவரம் ஸ்டேஷனில் கடற்கரை வண்டி ஏறினால் கிண்டி, மாம்பலம், எழும்பூர் தாண்டிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம். எதிரிலேயே ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு வாங்கி, பல் சீரமைப்புப் பிரிவில் காத்திருந்தோம். மேல்படிப்புப் படிக்கும் ஒரு பெண் டாக்டர், அவருக்கு மேலே பேராசிரியர். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பழைய ரெக்கார்டு ஏதாவது இருக்காம்மா?"

என் கடிதத்தை நீட்டியபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. பொட்டின் வகையும் அளவும் எழுதியிருந்ததால், ஒட்டியிருந்ததை எடுக்காமல் அதற்கேற்ற கம்பியையே போட்டுத் தொடர முடியும் என்றார்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம். புதிதாகப் பல் அச்சு எடுத்து, சின்ன ஸ்கேலால் அளந்து, "இப்போ 5 மில்லிமீட்டர்" என்று எழுதிக் கொண்டார்கள். நானும் என் நோட்டில் எழுதிக் கொண்டேன்.

மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். தூக்கில் தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், அவளுக்கு ஒரு கதைப் புத்தகம். செலவைப் பார்த்தால் ரயில் டிக்கெட்டும் ஏதோ சொற்பக் கட்டணமும்தான். 2024 ஜூலையில் கம்பியைக் கழற்றினார்கள். அன்றைக்கு அளந்தபோது 2 மில்லிமீட்டர். அதுதான் சாதாரணமாக எல்லாருக்கும் இருக்க வேண்டிய அளவாம்.

கழற்றியதும் முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். நகர்ந்த பல்லுக்குப் பழைய இடத்தின் மேல் ஆசை போகாது. அதனால்தான் ரிடெய்னர். முதலில் இரவும் பகலும், பிறகு டாக்டர் சொல்கிறவரை இரவில். மாடிப் பெண் சொன்னது நினைவிருக்கிறதா? அமெரிக்கக் கணக்கிலும் கடைசி எண் அதற்குத்தான். பலர் கம்பிக்குப் பணம் கட்டிக் களைத்துப் போய், ரிடெய்னருக்குத் தனிப் பணம் என்றதும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறார்கள். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் கணவரின் கம்பெனியில் கொடுத்த மெடிக்ளெயிம் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் கொண்டு படித்தேன். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பல்லுக்கும் உண்டு. க்ளிப்புக்கு இல்லை. நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே இந்தப் பணம் முழுக்க நம் மடியிலிருந்து போகிற பணம். கேட்க இன்சூரன்ஸ்காரர் இல்லாத இடத்தில், கேட்க வேண்டியவள் வீட்டுக்காரிதான்!

என்ன கேட்க வேண்டும் என்று நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஏழு வயது ஆகும்போதே ஒரு முறை காட்டிவிடுங்கள். அப்போதே க்ளிப் போட வேண்டும் என்பதில்லை. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். விரல் சூப்பும் பிள்ளையானால் இது ரொம்ப முக்கியம்.

க்ளிப் போடப் போகிறவர் அதற்கென்றே மேல்படிப்புப் படித்தவரா, வாரத்தில் எந்த நாள் வருவார், அவர் வராமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். பேசிய தொகையில் எக்ஸ்ரே, பல் பிடுங்குவது, உடைந்தால் ஒட்டுவது, ரிடெய்னர், இந்த நாலும் சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தாளில் எழுதித் தேதி போட்டு வாங்குங்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்தெந்தப் பல் பிடுங்குகிறார்கள், சுமார் எத்தனை மாதம் ஆகும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. எக்ஸ்ரேயையும் ஆரம்பத்துப் போட்டோவையும் உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள்.

பணம் வாங்கிக் கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டு வரை போகத்தான் காகிதம் என்று நினைக்காதீர்கள். முதலிலேயே காகிதம் இருந்தால் கோர்ட்டு நினைப்பே வராது. நல்ல டாக்டர்கள் இதைக் கேட்டால் கோபித்துக் கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் என் இளையவளின் பல்லைக் காட்டப் போன இடத்தில் நான் இந்தக் கேள்விகளை ஒப்பித்தபோது, அந்த டாக்டர் சிரித்துக் கொண்டே, "எல்லாரும் இப்படிக் கேட்டா எங்களுக்கும் வேலை சுலபம்மா" என்றார். இளையவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று தாளில் எழுதியே கொடுத்தார்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வாசலில் காய்கறி வண்டி. சில்லறை இல்லை. மூத்தவளின் உண்டியலிலிருந்து ஒரு நூறு ரூபாய் எடுத்துக் கொண்டு திரும்பினேன். கதவை மறித்துக் கொண்டு நிற்கிறாள், ஒரு கையை நீட்டிக் கொண்டு.

"ரசீது எங்கேம்மா?"

சொல்லிவிட்டு வாய் விட்டுச் சிரித்தாள். இன்னொரு கை வாய்ப் பக்கம் போகவே இல்லை.